அகலப் படகு, இலவச ட்ரெய்லர்: அட்வான்ஸ் கொடுக்கும் முன்

கேள்வி: மண்டபம் அருகே எங்களுக்குச் சிறிய தங்கும் விடுதி இருக்கிறது. விருந்தினர்களுக்காகக் கொச்சியில் பழைய கேபின் படகு ஒன்றைப் பார்த்தோம். 26 அடி நீளம், 9½ அடி அகலம்; எஞ்சினோடு எடை 2,600 கிலோ என்கிறார்கள். ட்ரெய்லர் இலவசமாம். எங்கள் எஸ்.யு.வி.யில் கொக்கி போட்டு, மூணாறு, போடி வழியாக மதுரைக்கு இழுத்து வந்துவிடலாமா?
- வாசகர், மதுரை கே.கே. நகர்

பதில்: வேண்டாம். படகு வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ட்ரெய்லரில், அந்த வழியில் இழுத்து வருவதுதான் வேண்டாம்.

முதலில் அகலம். மோட்டார் வாகன விதிப்படி வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக்கூடாது. சட்டத்தின் கண்ணில் ட்ரெய்லரும் மோட்டார் வாகனம்தான். 9½ அடி என்பது 2.9 மீட்டர். இரு பக்கமும் 15 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டு வரும். பக்கவாட்டில் நீட்டிய சுமைக்கு 2019 திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய். சுமையை இறக்கும் செலவும் உங்கள் தலையில்தான். விளம்பரத் தாளில் போட்டிருக்கும் அகலத்தை நம்பாதீர்கள். படகின் பக்கவாட்டில் ஓடும் ரப்பர் உரசுபட்டைக்கு வெளியே டேப் பிடித்து அளந்து பாருங்கள்.

அடுத்து எடை. விற்பவர் சொன்ன 2,600 கிலோவோடு கணக்கு முடியாது. 250 லிட்டர் டீசல் 210 கிலோ, 80 லிட்டர் தண்ணீர் 80 கிலோ, பேட்டரி, நங்கூரம், சங்கிலி, மெத்தை 150 கிலோ, ட்ரெய்லர் 700 கிலோ என்று வைத்தால் 3,740 கிலோ வருகிறது. இதில் 7 முதல் 10 சதவீதம், அதாவது 260 முதல் 370 கிலோ வரை, கொக்கியின் மேல் இறங்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ட்ரெய்லர் பாம்பு போல வாலாட்டும். அவ்வளவு எடை இறங்கினாலோ, எஸ்.யு.வி.யின் பின் ஸ்பிரிங் அமுங்கி முன் சக்கரத்தின் பிடி தளரும். வண்டியின் கையேட்டில் இழுவை எடை எழுதப்படவில்லை என்றால், கடைக்காரர் மாட்டித் தரும் கொக்கியால் அந்தத் திறன் வந்துவிடாது.

போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள். கிட்டத்தட்ட நாலு டன்னைப் பின்னால் வைத்துக்கொண்டு அந்த இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், சூடேறிய பிரேக் பாதியில் பிடிக்காமல் போகும்.

செய்யவேண்டியது இதுதான்: தாழ்தள லோபெட் லாரியில் ஏற்றுங்கள். இந்த அகலத்துக்கு லாரியிலும் ஓ.டி.சி. (அளவு மீறிய சுமை) அனுமதி வேண்டும். கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் அனுமதி எடுப்பது யார் பொறுப்பு என்று வாடகை பேசும்போதே எழுதி வாங்குங்கள். வழி: திருச்சூர், பாலக்காடு, பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல், வாடிப்பட்டி. சுமார் 100 கி.மீ. கூடும், ஆனால் பாலக்காட்டுக் கணவாய் என்பதால் மலை ஏறி இறங்க வேண்டியதில்லை. பிறகு மதுரை ரிங் ரோடு, மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம். ஏற்றியபின் தரையிலிருந்து கேபின் உச்சிவரை உயரத்தையும் அளந்துவிடுங்கள். ஊருக்குள் தாழத் தொங்கும் மின்கம்பி அகலத்தைவிடப் பெரிய வில்லங்கம்.

ஏற்றும்போதுதான் பல படகுகள் உடைகின்றன. டீசலையும் தண்ணீரையும் முன்பே இறக்குங்கள், 290 கிலோ குறையும். கிரேனுக்கு இரண்டு அகலப் பட்டை, அவற்றை மேலே விரித்துப் பிடிக்க ஒரு குறுக்குக் கம்பி. அந்தக் கம்பி இல்லாவிட்டால் பட்டைகள் படகின் விலாவை நசுக்கும். பட்டை புரொப்பல்லர் ஷாஃப்ட் மேல் விழக்கூடாது. லாரியில் எடை முழுவதும் படகின் அடிமுதுகில் (நடு அடிக்கட்டையில்), உள்தடுப்புச் சுவர்களுக்கு நேர் கீழே வைத்த மரக்கட்டைகளில் உட்கார வேண்டும். பக்கத் தாங்கிகள் சாயாமல் பிடிக்க மட்டுமே; எடை அவற்றில் ஏறினால் பைபர் குழிந்து விரிசல் விடும். துணிக்கூரையைக் கழற்றிவிடுங்கள், காற்றில் கிழிந்து போகும்.

இலவச ட்ரெய்லருக்கு ஆர்.சி. இருக்கிறதா, சேஸிஸ் எண் அதனோடு பொருந்துகிறதா, பிரேக் இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அது கரையில் படகை இறக்கி ஏற்ற மட்டுமே. விலையிலும் அதற்குத் தக்கபடி பேசுங்கள்.

கடைசியாக, இதையெல்லாம் விடப் பெரிய கேள்வி: படகின் பதிவுச் சான்று காயலுக்கா, கடலுக்கா? உள்நாட்டு நீர்நிலைக்கான சான்றை வைத்துக்கொண்டு மண்டபம் கடலில் ஆள் ஏற்ற முடியாது. அங்கே 21 தீவுகளைச் சுற்றி மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் கட்டுப்பாடுகள் வேறு. இந்தக் காகிதம் தெளிவாகும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கேள்வி: 16 அடி பைபர் படகு, அகலம் 7 அடிக்குள். இதையாவது நாமே இழுக்கலாமா?
- வாசகர், திருமங்கலம்

பதில்: அகலத்தில் சிக்கல் இல்லை, 7 அடி என்பது 2.1 மீட்டர்தான். படகோடு ட்ரெய்லரை எடைமேடையில் ஏற்றி, உங்கள் வண்டியின் கையேட்டோடு ஒப்பிடுங்கள். வண்டியின் இன்சூரன்ஸில் ட்ரெய்லரையும் சேர்க்கச் சொல்லுங்கள். முன்பக்க வின்ச் (படகை இழுத்துச் சுற்றும் உருளை) கயிறு மட்டும் போதாது. பின்பக்கம் இரண்டு பெல்ட், கொக்கிக்கடியில் குறுக்காகப் போட்ட இரண்டு சங்கிலி வேண்டும். 50 கி.மீ. வேகம் போதும். முதல் 25 கி.மீ.யில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடென்றால் பேரிங்கில் கிரீஸ் இல்லாமல் இருக்கலாம்.

கடற்கரை சேர்ந்ததும் உடனே நீரில் இறக்காதீர்கள். சூடான ஹப் குளிர்ந்து சுருங்கும்போது சீல் வழியாக உப்புநீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அரை மணி நேரம் நிழலில் நிற்கட்டும். லைட் ஒயரைக் கழற்றிவிட்டு இறக்குங்கள். திரும்பியதும் ட்ரெய்லரை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.