பீக்கில் காற்று தெரிகிறது, சோப்பில் குமிழ் வரவில்லை: ஏன்?

கேள்வி: ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். டைஜஸ்டரிலிருந்து (கழிவை நுண்ணுயிரிகள் காற்றில்லாமல் மக்கவைக்கும் தொட்டி) பயோகேஸை பம்ப் வைத்து இழுத்து, வாயுக் கலவையைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபில் பார்க்கிறோம். ஒவ்வொரு முறையும் கருவி வரையும் படத்தில் ஆக்சிஜன், நைட்ரஜன் பீக் (அந்த வாயு இருப்பதைக் காட்டும் முகடு) வருகிறது. ஃபிட்டிங் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம், குமிழே இல்லை. டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கியும் பலனில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் இரண்டின் அளவையும் வகுத்துப் பாருங்கள். நைட்ரஜன் ஆக்சிஜனைப்போல் 3.7 மடங்கு வாக்கில் இருந்தால் வெளிக்காற்றுதான் நுழைகிறது. ஆக்சிஜன் சொற்பமாகவும் நைட்ரஜன் மிகுதியாகவும் இருந்தால் அது டைஜஸ்டரிலேயே உண்டானதாகவும் இருக்கலாம்.

காற்றுதான் என்றால், பம்புக்கு முந்தைய பகுதியைச் சந்தேகியுங்கள். அங்கே உள்ளழுத்தம் வெளியைவிடக் குறைவு. ஓட்டை இருந்தாலும் வாயு வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். குமிழ் எப்படி வரும்? சோப்புத் தண்ணீரும் சேர்ந்து உள்ளே இழுபடும். அங்கே தயவுசெய்து அதைத் தடவாதீர்கள்.

அந்தப் பகுதியை டைஜஸ்டரிலிருந்தும் கருவியிலிருந்தும் பிரித்து, இரு முனையையும் அடைத்து, நைட்ரஜனால் அழுத்தம் ஏற்றி, சிலிண்டரை மூடிவிட்டு அரை மணி நேரம் கேஜைக் கவனியுங்கள். லைனில் உள்ள வால்வு, பம்ப் தாங்கும் அளவுக்கு மேல் ஏற்ற வேண்டாம். அறை வெப்பம் 3 டிகிரி மாறினாலே அழுத்தம் சுமார் 1 சதவீதம் மாறும். வேலூர்ப் பக்கத்து வெயிலில் ஏசி நின்று ஓடும் அறையில் இதைக் கசிவென்று எண்ணி ஏமாந்துவிடுவார்கள். பிரிப்பதற்கு முன் லைனை நைட்ரஜன் விட்டுக் கழுவி, வெளிவருவதைக் கட்டடத்துக்கு வெளியே விடுங்கள். பயோகேஸில் உள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு அதிகமானால் மூக்குக்கு நாற்றமே தெரியாது, அதுதான் ஆபத்து.

டேப்பைக் கழற்றுங்கள். கூம்பு மரைக்குத்தான் டேப். ஃபெரூல் (டியூபைச் சுற்றி உட்காரும் சிறு உலோக வளையம்) வைத்த ஃபிட்டிங்கில் ஃபெரூல் டியூபைக் கவ்வித்தான் அடைப்பு உண்டாகிறது, மரைக்கு அதில் வேலையில்லை. டியூப் முனை நேராக வெட்டப்பட்டு, பிசிறு நீக்கப்பட்டிருக்க வேண்டும். ஹேக்சாவால் வெட்டினால் முனை கோணலாகிவிடும். நட்டைக் கையால் முழுதாக இறுக்கி, பேனாவால் கோடு போட்டு, பிறகு ஸ்பேனர் பிடியுங்கள். இரட்டை ஃபெரூல் வகையில் கால் அங்குல டியூபுக்கு ஒன்றேகால் சுற்று, எட்டில் ஒரு அங்குலத்துக்கு முக்கால் சுற்று போதும். கழற்றி மாட்டும்போது பழைய கோடு வரை திருப்பி, கொஞ்சம் இறுக்கினால் சரி. ஒரு கம்பெனி நட்டில் இன்னொரு கம்பெனி ஃபெரூலைப் போடவே கூடாது.

லைனில் பித்தளை ஃபிட்டிங் இருந்தால் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றுங்கள். ஈரத்தோடு வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு பித்தளையை அரித்துவிடும்.