ஊருக்குப் பக்கத்தில் கால்வாய் மெரினா: கேள்வி பதில்

இங்கிலாந்தில் ஒரு மாவட்டக் கவுன்சிலின் பிளானிங் (கட்டுமான அனுமதி) பிரிவில் பல வருடம் கோப்பு புரட்டியவன் நான். கால்வாயோரக் கிராமத்தில் வீடு வாங்கிய நண்பர் ஒருவர், "பக்கத்து வயலில் மெரினா வருகிறதாம், என்ன செய்வது?" என்று கேட்டார். ஒரு வரி பதில் சொன்னேன், மாட்டிக்கொண்டேன். அதன் பிறகு பலரிடமிருந்து வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் இங்கே பதில். ஸ்காட்லாந்துக்காரர்கள் மன்னிக்கவும், அங்கே சட்டம் வேறு.

மெரினா என்றால் கடற்கரைதானே? வயலுக்கு நடுவில் எப்படி?

சென்னைக்காரர் என்று தெரிகிறது. இங்கே மெரினா என்பது படகு நிறுத்தும் குளம். கால்வாயை ஒட்டிய வயலைத் தோண்டி, தேவைப்பட்டால் களிமண் பூசி, வரிசையாக நடைமேடை போடுவார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் கரையை வெட்டிக் கால்வாயோடு இணைப்பார்கள். அலையும் கிடையாது, சுண்டலும் கிடையாது.

மெரினா வந்தால் எங்கள் வீட்டு விலை விழுந்துவிடும். இதை ஆட்சேபத்தில் எப்படி எழுதுவது?

எழுதாதீர்கள். வீட்டு விலையைப் பிளானிங் அதிகாரி கணக்கில் எடுக்க முடியாது. உங்கள் ஜன்னலிலிருந்து தெரியும் காட்சியும் அப்படித்தான்.

ஐயா, எங்கள் ஊரில் 120 படகுக்கு மெரினா கேட்டிருக்கிறார்கள். எதை எழுதினால்தான் எடுபடும்?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் தண்ணீர்ப்பரப்பைக் கணக்குப் போடுங்கள். நாரோபோட் என்ற ஒடுங்கிய கால்வாய்ப் படகின் அகலம் 2.1 மீட்டர். நீளம் 17 என்று வைத்தால் படகுகள் மட்டுமே 4,200 சதுர மீட்டரைத் தாண்டும். திரும்ப, நுழைய இடம் தனி. நீர்ப்பரப்பு 1,000 சதுர மீட்டரைத் தாண்டிய மெரினா, 2017ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளின் இரண்டாம் அட்டவணைக்குள் வரும். முழுத் தாக்க அறிக்கை தேவையா இல்லையா என்று கவுன்சில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அந்த முடிவுக் கடிதம் கோப்பில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், காரணங்களைப் படியுங்கள்.

அடுத்தது மண். இதை யாரும் கேட்பதில்லை. ஒன்றரை ஹெக்டேரை ஒன்றரை மீட்டர் ஆழம் தோண்டினால் 22,500 கன மீட்டர் மண் வரும். லாரிக்கு 10 கன மீட்டர் என்றால் 2,250 நடை, போக வர 4,500. உங்கள் ஊர்ப் பாலம் ஒற்றை வண்டி போகும் செங்கல் வளைவுப் பாலமாக இருந்தால், ஆட்சேபத்தின் முதல் பத்தி அதுதான். "மண்ணை வெளியே கொண்டுபோக மாட்டோம், இங்கேயே பரப்புவோம்" என்று விண்ணப்பத்தில் சொல்லியிருப்பார்கள். சரி, எங்கே, எவ்வளவு உயரத்துக்கு, மழைநீர் அப்புறம் எந்தப் பக்கம் ஓடும்? வரைபடத்தில் நிலமட்டம் குறித்த பொடி எண்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வயல் கால்வாயைவிடத் தாழ்வாக இருந்தால் மெரினா கரை கட்டித்தான் நிற்கும். இயற்கை நிலமட்டத்துக்கு மேல் 25,000 கன மீட்டருக்கு அதிகமாகத் தண்ணீர் நின்றால், 1975ஆம் ஆண்டு நீர்த்தேக்கச் சட்டமே உள்ளே வந்துவிடும்.

அப்புறம் இரவு விளக்கு, வெள்ளம், வண்டி நிறுத்தம், கிரீன் பெல்ட்டா (நகரம் பரவாமல் தடுக்கக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்திய பசுமை வளையம்) இல்லையா. பெரிய திட்டம் என்றால் பிப்ரவரி 2024 முதல் செடி கொடி, உயிரினங்களின் வாழிட மதிப்பை முன்பிருந்ததைவிட 10 சதவீதம் கூட்டிக் காட்ட வேண்டும் என்ற விதியும் உண்டு.

மாதிரிக் கடிதம் ஒன்று தர முடியுமா?

முடியாது. இதையே ஏழு பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரே கடிதம் 300 பேர் கையெழுத்தோடு வந்தால், அதிகாரியின் அறிக்கையில் அது ஒரே வாதம்தான். "காலை எட்டரைக்குப் பள்ளிக்கூட வேன் பாலத்தில் பின்னால் எடுக்க வேண்டியிருக்கிறது" என்று நீங்கள் பார்த்ததை நாலு வரி எழுதினால், அதற்கு அவர் தனியாகப் பதில் சொல்லியாக வேண்டும்.

பாரிஷ் கவுன்சில் ஒருமனதாக எதிர்த்துவிட்டது. இனி அனுமதி கிடைக்காதுதானே?

கிடைக்கலாம். பாரிஷ் என்பது ஊர் அளவிலான கவுன்சில்; கருத்துச் சொல்லும், முடிவெடுக்காது. உங்கள் வார்டு கவுன்சிலரைப் பிடித்து, விண்ணப்பத்தைக் கமிட்டிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அதிகாரி மேசையிலேயே முடிந்துவிடும்.

போன கோடையில் கால்வாயே வறண்டுவிட்டது. இதில் மெரினாவுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்?

நல்ல கேள்வி, ஆனால் பாதி தப்பான கோபம். முதல் தடவை நிரப்பத்தான் பெரிய தண்ணீர் வேண்டும். அதற்கப்புறம் ஆவியாவதும் கசிவதும்தான் செலவு. உண்மையான செலவு படகுகள் நகரும்போது. லாக் என்பது படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டி. குறுகிய லாக் ஒன்றை ஒரு முறை திறந்து மூடினால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் கீழே இறங்கிவிடும். ஆகவே கேட்க வேண்டியது, மெரினா வாசலுக்கு இரண்டு பக்கமும் லாக் எத்தனை மைலில், மேட்டுப் பகுதிக்கு நீர் தரும் தேக்கம் எது என்பதுதான். 2025 கோடையில் லீட்ஸ் லிவர்பூல் கால்வாயில் நீளமான பகுதிகளை மூடியதை மறக்க வேண்டாம்.

கால்வாய்களைக் கவனிக்கும் கனால் அண்டு ரிவர் டிரஸ்ட், 2012இல் பிரிட்டிஷ் வாட்டர்வேஸிடமிருந்து இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களை ஏற்றது. பிளானிங்கில் அதன் கருத்தைக் கேட்பார்கள். மெரினா இணைப்புக்குக் கட்டணம் வாங்குவதும் அதே டிரஸ்ட்தான். அது எதிர்க்கவில்லை என்பதாலேயே திட்டம் நல்லது என்றாகாது.

அண்ணா, வீட்டு விலை பற்றி...

மேலே பார்க்கவும்.

எனக்குப் பயம் ஒன்றுதான். படகிலேயே குடியிருக்கும் நாடோடிக் கூட்டம் வந்து ஊர் கெட்டுவிடும்.

இதற்கு நான் பதில் எழுதுவதற்குள், ஆறு வருடமாக நாரோபோட்டில் குடியிருக்கும் தம்பி ஒருவர் முந்திக்கொண்டார்: "நான் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன், லைசென்ஸ் கட்டுகிறேன், உங்கள் ஊர்க் கடையில்தான் பால் வாங்குகிறேன். நான் எந்தக் கூட்டம்?" கேட்டவர் விடவில்லை. புகை, ஜெனரேட்டர் சத்தம், கரையில் குவியும் விறகு என்று பட்டியல் போட்டார். தம்பி, "உங்கள் பார்பிக்யூ புகையைப் பற்றி நான் புகார் செய்ததுண்டா?" என்றார். அதோடு மூன்று நாள் யாரும் மெரினாவைப் பற்றியே பேசவில்லை.

இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிரந்தர நிறுத்துமிடம் இல்லாத படகு ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் பொதுவாக நிற்கக்கூடாது. அய்யா பயப்படும் படகுகள் அவை. மெரினாவில் வாடகை கட்டி நிற்பது வேறு. அங்கே கேள்வி, பொழுதுபோக்குப் படகா, குடியிருப்பா என்பது. குடியிருப்புக்குத் தனி அனுமதி வேண்டும். பொழுதுபோக்கு என்று அனுமதி வாங்கிவிட்டு மெல்ல மெல்லக் குடியிருப்பாக மாறுவது நடக்கிறது.

ஒரு ஜனவரி காலை அப்படியொரு மெரினாவுக்குச் சோதனைக்குப் போனேன். "யாரும் தங்குவதில்லை சார்" என்றார் மேலாளர். படகுக் கூரைகளில் எல்லாம் உறைபனி. பதினொரு கூரைகளில் மட்டும் புகைபோக்கியைச் சுற்றி வட்டமாக உருகிப் பச்சைப் பெயின்ட் தெரிந்தது, பக்கத்தில் பாதி தீர்ந்த கரி மூட்டை. எண்ணிக் குறித்துக்கொண்டு வந்தேன். பத்து வருடம் யாரும் நடவடிக்கை எடுக்காமல் விட்டால் அந்தக் குடியிருப்பை அப்புறம் அசைக்க முடியாது.

அதனால் ஆளைப் பற்றி எழுதாதீர்கள், நிபந்தனையைப் பற்றி எழுதுங்கள். எத்தனை படகு, எத்தனை குடியிருப்பு, யார் பதிவேடு வைப்பது, கவுன்சில் கேட்டால் காட்ட வேண்டுமா. மனிதர்களை இழிவாக எழுதிய ஆட்சேபம் பெயரோடு கவுன்சில் இணையதளத்தில் ஏறிவிடலாம். நாளைக்கு அந்தத் தம்பி உங்களுக்கு ஊசி போடும் நாள் வந்தால் சங்கடம்.

கிரீன் பெல்ட்டில் மெரினாவே கட்ட முடியாதாமே?

அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது. வெளிப்புறப் பொழுதுபோக்கு வசதிக்கு விலக்கு உண்டு, வெட்டவெளித்தன்மை கெடக்கூடாது என்ற நிபந்தனையோடு. 120 படகும் கார் நிறுத்தமும் கெடுக்கிறதா என்பதுதான் சண்டை.

எங்கள் குளத்தில் கொண்டைப் பல்லி மாதிரி ஒன்று இருக்கிறது. அதைப் பிடித்து அந்த வயலில் விட்டால்?

குற்றம். அது பல்லியல்ல, நியூட் என்ற நீர்நில உயிரி. தொடவே வேண்டாம். படம் எடுத்து, தேதி போட்டு, கவுன்சிலுக்கு அனுப்புங்கள். அதன் கணக்கெடுப்புக்கு மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரைதான் பருவம். நவம்பரில் பார்த்து "இல்லை" என்று எழுதிய அறிக்கை இருந்தால் அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

மெரினா வந்தால் நல்லதே கிடையாதா?

உண்டு. டெர்பிஷயரில் வில்லிங்டன் பக்கம் மெர்சியா மெரினாவில் 600 படகுக்கு மேல் நிற்கிறது, கடைகளும் உண்டு. நார்தாம்ப்டன்ஷயரின் பிரான்ஸ்டன் ஊரின் அடையாளமே கால்வாயும் படகும்தான். உங்கள் ஊர் அதைத் தாங்குமா என்பது வேறு கேள்வி.

அனுமதி கொடுத்துவிட்டார்கள். நாங்கள் மேல்முறையீடு செய்யலாமா?

முடியாது. மறுத்தால் விண்ணப்பதாரர் போகலாம், கொடுத்தால் நீங்கள் போக முடியாது. நீதிமன்ற மறுஆய்வு ஒன்றுதான் வழி. ஆறு வாரத்துக்குள் போக வேண்டும், சட்டப் பிழை இருக்க வேண்டும், பணமும் நிறைய வேண்டும்.

ஒரு படம் அனுப்பியிருக்கிறேன். பாலத்துக் கம்பத்தில் கட்டியிருந்தது. இது என்ன நோட்டீஸ்? வீட்டு விலை...

வீட்டு விலையை விடுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் மழை புகுந்து மை கரைந்திருக்கிறது, ஆனால் கீழே தேதி தெரிகிறது. சாதாரண விண்ணப்பத்துக்குக் கருத்துச் சொல்ல 21 நாள், தாக்க அறிக்கையோடு வந்தால் 30. உங்களுடையது முதல் வகை. வியாழக்கிழமையோடு முடிகிறது. இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, அந்தப் பாலத்தில் எந்த வண்டி எப்போது மாட்டிக்கொள்கிறது என்று எழுத உட்காருங்கள்.