ஆயுள் தண்டனை என்றால் 14 வருஷம்தானே? முடிந்தும் ஏன் விடுவதில்லை?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது: உங்கள் மாமா கொலை வழக்கில் ஆயுள் கைதியாக சேலம் மத்திய சிறையில் இருக்கிறார். 2010-ல் உள்ளே போனவர், 14 வருஷக் கணக்குப்படி 2024-லேயே வந்திருக்க வேண்டும். மனு பார்க்க, அதாவது சிறையில் அவரைச் சந்திக்கப் போகும்போதெல்லாம் கேட்டும் யாரும் தேதி சொல்வதில்லை. அத்தை ஏற்காட்டில் எஸ்டேட் வேலை செய்துகொண்டு தனியாக இருக்கிறார்.

தேதி சொல்லாததற்குக் காரணம், சொல்வதற்கு அவர்களிடமும் தேதி இல்லை. ஆயுள் தண்டனை என்றால் உயிர் இருக்கும் வரை என்றுதான் சட்டத்தில் பொருள். 1961-ல் கோபால் கோட்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. 20 வருஷம் என்று சிலர் சொல்வது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 57-வது பிரிவை வைத்து. அது தண்டனையில் பாதி, கால்வாசி என்று பின்னம் போடுவதற்கு மட்டும் வைத்த எண். 14 எங்கிருந்து வந்தது என்றால், 1978-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்த்த 433ஏ பிரிவிலிருந்து. இப்போது அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-ன் 475-வது பிரிவு. தூக்கும் கொடுக்கலாம் என்கிற குற்றத்துக்கு ஆயுள் வாங்கியவரை, 14 வருஷம் உள்ளே இருக்காமல் தண்டனைக் குறைப்பில் விடக்கூடாது என்பதுதான் அந்தப் பிரிவு. 14 முடிந்தால் கேட்கிற தகுதி வரும். விடுவதா வேண்டாமா என்பது அரசின் கையில்.

அந்த 14-ஐ எண்ணுவதிலேயே பாதிக் குடும்பங்கள் தவறுகின்றன. கைதான வருஷத்திலிருந்து விரல் விட்டு எண்ணக்கூடாது. ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

2010 மார்ச் 1 கைது, ஆகஸ்ட் 1 ஜாமீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருந்தது 153 நாள். 2012 ஜூலை 10-ல் தீர்ப்பாகி மறுபடி உள்ளே. மேல்முறையீட்டில் ஜாமீன் கிடைத்து 2014, 2015 இரண்டு வருஷமும் வெளியே. அப்புறம் பல தடவையாக பரோலில் மொத்தம் 100 நாள். இப்போது பாருங்கள். தீர்ப்புத் தேதியோடு 14 வருஷம் கூட்டினால் 2026 ஜூலை 10. விசாரணைக் காலத்தில் இருந்த 153 நாள் தண்டனையில் கழியும். ஆயுள் கைதிக்கும் இந்தக் கழிவு உண்டு என்று 1985-ல் பகீரத் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. கழித்தால் 2026 பிப்ரவரி 7. ஜாமீனில் இருந்த 730 நாளைக் கூட்டினால் 2028 பிப்ரவரி 7. பரோல் நாளும் உள்ளே இருந்ததாகக் கணக்கில் வராது என்று 2023 ஜனவரியில் கோவா கைதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதால் இன்னும் 100 நாள். ஆக, 2028 மே 17. வீட்டில் 2024 என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். இடையில் நாலு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. சிறையில் நன்னடத்தைக்கும் வேலைக்கும் தருகிற ரெமிஷன் (தண்டனைக் குறைப்பு) நாட்களும் இந்த 14-ஐக் குறைக்காது.

இந்தக் கணக்கு எல்லாம் ஒரே தாளில் இருக்கும். அதன் பெயர் நாமினல் ரோல். கைதான தேதி, ஜாமீன் தேதிகள், தீர்ப்பு, பரோலில் போய் வந்த நாட்கள், சிறைக்குள் வாங்கிய தண்டனைகள், அபராதம் கட்டியாயிற்றா என்பது வரை அதில் வரும். மாமா கையெழுத்திட்டு சிறைக் கண்காணிப்பாளருக்கு மனு கொடுத்து நகல் கேட்கட்டும். கிடைத்ததும் உங்கள் வீட்டில் இருக்கும் தாள்களோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். விசாரணைக் காலத்தில் வேறு கிளைச் சிறையில் இருந்திருந்தால் அந்த நாட்கள் விட்டுப்போக வாய்ப்புண்டு. அபராதத் தொகையைக் கட்டிவிட்டு ரசீதை நீதிமன்றத்திலிருந்து சிறைக்கு அனுப்பாமல் விட்டிருந்தால், கட்டாததற்கான கூடுதல் மாதங்கள் கணக்கில் அப்படியே நிற்கும். பல வருஷம் காத்துவிட்டுக் கடைசியில் ஒரு ரசீதுக்காக நிற்பது கொடுமை. இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

தீர்ப்பின் கடைசிப் பக்கத்தையும் படித்துவிடுங்கள். 2008-ல் சுவாமி ஷ்ரத்தானந்தா வழக்குக்குப் பிறகு, தண்டனைக் குறைப்பே இல்லாமல் 20, 25, 30 வருஷம் என்று விதிக்கிற வழக்கம் வந்தது. 2015-ல் ஸ்ரீஹரன் வழக்கில் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றுக்கொண்டது. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மட்டும் அப்படி விதிக்கலாம். மாமாவின் தீர்ப்பில் அந்த வரி இருந்தால் 14 என்ற பேச்சுக்கே இடமில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 161-வது பிரிவில் ஆளுநருக்கு உள்ள அதிகாரத்தை 433ஏ கட்டுப்படுத்தாது. அமைச்சரவை பரிந்துரைக்க, அவர் உத்தரவிடுவார். அண்ணா நூற்றாண்டையொட்டி 2008-ல் 1,400-க்கும் மேற்பட்ட ஆயுள் கைதிகள் 14 வருஷம் ஆகாமலே வெளியே வந்தார்கள். எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்கு 2018-ல் போட்ட உத்தரவில் 10 வருஷம் முடித்திருந்தால் போதும் என்று இருந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் இந்த உத்தரவுகளில் விலக்குப் பட்டியல் ஒன்று கூடவே வரும்: இன்னின்ன பிரிவில் தண்டனை பெற்றவருக்குப் பொருந்தாது என்று. மாமாவுக்குக் கொலையோடு வேறு எந்தெந்தப் பிரிவுகளில் தண்டனை என்று பார்த்துவைத்துக்கொண்டு, அதற்கப்புறம் நம்பிக்கை வையுங்கள். அண்ணா பிறந்த நாளான ஒவ்வொரு செப்டம்பர் 15-க்கு முன்னாலும் "இந்தத் தடவை லிஸ்ட்டில் பேர் இருக்கு" என்று சிறைக்குள்ளும் வெளியிலும் பேச்சு கிளம்பும். வீட்டுக்கு வெள்ளை அடிப்பார்கள், மகள் கல்யாணத்தைத் தள்ளி வைப்பார்கள். பெயர் இல்லை என்று தெரிந்த அன்றைக்கு அந்த வீட்டில் விழுகிற அடி, தீர்ப்பு வந்த நாளில் விழுந்ததைவிடப் பெரியது.

என் கருத்தில், ஆயுள் தண்டனையின் வதை இதில்தான் இருக்கிறது. ஏழு வருஷம் வாங்கியவர் நாளைக் கிழிப்பார், குறையும். ஆயுள் கைதி கிழித்தால் எதிலிருந்து குறைகிறது என்று தெரியாது. இங்கிலாந்து இதை வேறு ரூபத்தில் செய்து பார்த்துவிட்டது. பொதுமக்கள் பாதுகாப்புக்கான சிறை, சுருக்கமாக ஐபிபி, என்றொரு தண்டனை அங்கே 2005-ல் நடைமுறைக்கு வந்தது. இத்தனை வருஷம் குறைந்தபட்சம், அதற்கப்புறம் ஆபத்தில்லாதவர் என்று பரோல் வாரியம் நம்பும் வரை உள்ளே. 8,711 பேருக்கு விதித்தார்கள். ஆபத்தில்லாதவர் என்று காட்டப் படிக்க வேண்டிய பயிற்சி வகுப்புகளில் இடமே கிடைக்காமல் ஆட்கள் கிடந்தார்கள். 2012-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதைத் தவறென்றது. அதே வருஷம் அந்தத் தண்டனையை ஒழித்தார்கள், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு மட்டும் ஒழிக்கவில்லை. இரண்டு வருஷம் குறைந்தபட்சம் என்று உள்ளே போனவர்கள் பத்து வருஷம் தாண்டியும் இருந்தார்கள். வெளியே வந்தவரையும் நிபந்தனை மீறல் என்று திரும்ப அழைக்கலாம். தற்கொலைகள் நடந்தன. கொண்டுவந்த உள்துறை அமைச்சர் டேவிட் பிளங்கெட்டே பின்னால் வருந்துவதாகச் சொன்னார்.

இங்கேயும் காலம் போன கதை நமக்குத் தெரியும். பேரறிவாளனை விடுவிக்கலாம் என்று தமிழக அமைச்சரவை பரிந்துரைத்தது 2018 செப்டம்பரில். உச்ச நீதிமன்றம் அரசியல் சாசனத்தின் 142-வது பிரிவைப் பயன்படுத்தி விடுவித்தது 2022 மே 18-ல். அதே வழக்கில் அந்த நவம்பரில் விடுதலையான சாந்தன், விடுதலைக்குப் பிறகும் திருச்சி சிறப்பு முகாமில் வைக்கப்பட்டு, இலங்கையில் காத்திருந்த தாயிடம் போய்ச் சேராமலே 2024 பிப்ரவரி 28-ல் சென்னை மருத்துவமனையில் இறந்தார். அந்த வழக்கைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், அந்தத் தாயின் காத்திருப்பு எந்த நீதிபதியும் விதித்தது இல்லை.

இனி உங்கள் கையில் இருப்பது. முன்விடுதலையை முடிவு செய்யும்போது பார்க்க வேண்டிய ஐந்து விஷயங்களை 2000-ல் லக்ஷ்மண் நஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. குற்றம் சமூகத்தையே பாதித்ததா, தனிப்பட்டதா. மறுபடி செய்ய வாய்ப்பிருக்கிறதா. செய்யும் திராணியே போய்விட்டதா. இனியும் வைத்திருப்பதில் பயன் உண்டா. ஐந்தாவது, குடும்பத்தின் பொருளாதார நிலை. இந்த ஐந்தாவதை யாரும் தாளில் காட்டுவதில்லை. அத்தையின் வருமானச் சான்று, மருத்துவச் சீட்டுகள், கடன் பத்திரம், வந்தால் வேலை தருகிறேன் என்று ஒரு எஸ்டேட் உரிமையாளரின் கடிதம், எல்லாம் மனுவோடு போக வேண்டும்.

நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை தருவார், காவல் நிலையமும் தனியாகத் தரும். மலையில் இங்கேதான் கெடுகிறது. ஆள் உள்ளே போனதும் எஸ்டேட் லயன் வீடு கைமாறியிருக்கும். அத்தை வேறு தோட்டத்துக்குப் போயிருப்பார். சிறைப் பதிவில் பழைய விலாசம். தேடி வந்தவர் "குடும்பத்தார் இல்லை" என்று எழுதிவிட்டுப் போவார். அந்த ஒரு வரி பரோலையும் கெடுக்கும், விடுதலையையும் கெடுக்கும். ரேஷன் கார்டிலும் சிறைப் பதிவிலும் விலாசத்தை முதலில் சரி செய்யுங்கள். காபிப் பழம் பறிக்கிற நவம்பர் முதல் பிப்ரவரி வரை பகலில் வீடு பூட்டித்தான் இருக்கும். பக்கத்து வீட்டில் சொல்லிவைத்து, போன் நம்பர் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

இறந்தவரின் குடும்பமும் அதே ஊர் என்றால் "வந்தால் பிரச்சினை வரும்" என்றே போலீஸ் எழுதும். அவர்கள் பயமும் பொய் இல்லை. அவர்களுக்கும் யாரும் தேதி சொல்வதில்லை, ஒருநாள் பஸ்ஸில் எதிரே பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். அதனால் கீழே சேலத்திலோ வாழப்பாடியிலோ ஒரு சொந்தக்காரர் வீட்டை மாற்று விலாசமாக, அவர் சம்மதக் கடிதத்தோடு கொடுப்பது எல்லோருக்கும் நல்லது.

2025 பிப்ரவரி 18-ல் வந்த தீர்ப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாநிலத்தில் விடுதலைக் கொள்கை இருந்தால், தகுதி வந்தவரின் பெயரைக் கைதி விண்ணப்பிக்காமலே அரசு பரிசீலிக்க வேண்டும். மறுத்தால் காரணத்தைச் சுருக்கமாகவாவது எழுதித் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காரணமில்லாத மறுப்பு வந்தால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். தீர்ப்பு வந்த நாளில் இருந்த கொள்கையே பொருந்தும், பிந்தியது தாராளமாக இருந்தால் அதைக் கேட்கலாம் என்பது 2010 ஜகதீஷ் வழக்கு. வக்கீலுக்குப் பணம் இல்லை என்று விட வேண்டாம். அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். கைதிக்கு இலவச வக்கீல் உரிமை.

மாமா உள்ளே போனபோது ஆதார் இல்லை, யுபிஐ இல்லை, இப்போதைய 500 ரூபாய் நோட்டு இல்லை. ஆதார் எடுத்தாயிற்றா என்று இப்போதே கேளுங்கள். கடைசி நேரத்தில் வங்கிக் கணக்கு முதல் மருத்துவக் காப்பீடு வரை எல்லாம் அதில் போய் நிற்கும். சர்க்கரைக்கோ பிரஷருக்கோ சிறை மருத்துவமனையில் மாத்திரை வாங்குகிறாரென்றால், வெளியே வரும் நாளில் அந்தச் சீட்டின் நகலையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்த தடவை மனு பார்க்கப் போகும்போது நாமினல் ரோலை வைத்து நீங்கள் போட்ட கணக்கைச் சொல்லுங்கள். தேதி தூரமாக வந்தாலும் மறைக்காதீர்கள். அது விடுதலை நாள் இல்லை, கேட்கிற நாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்த நாளைக் கூட்டினோம், எதைக் கழித்தோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அவரே ஒரு தாளில் எழுதிப் போட்டுப் பார்க்கட்டும்.