எம்.எம்.ஆர். ஊசி போட்ட பிறகு கர்ப்பம் எனத் தெரிந்தால் கருவைக் கலைக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. எம்.எம்.ஆர். ஊசியில் இருப்பவை வீரியம் குறைக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா வைரஸ்கள் என்பதால், அவை கருவை எட்டக்கூடும் என்ற முன்னெச்சரிக்கையில்தான் கர்ப்ப காலத்தில் அதைத் தவிர்க்கிறார்கள்; ஊசிக்குப் பின் 28 நாள் கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்வதும் அதற்காகவே.

இந்த அச்சத்தின் வேர் இயற்கையாக வரும் ரூபெல்லா நோயில் இருக்கிறது. கர்ப்பத் தொடக்கத்தில் அந்நோய் கண்ட தாய்மார்களின் குழந்தைகளுக்குப் பிறவிக் கண்புரை இருப்பதை 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் கவனித்தார். முதல் 12 வாரங்களில் தொற்றினால் கண்ணோடு காதும் இதயமும்கூடப் பாதிக்கப்படலாம்.

தடுப்பூசியின் கதை வேறு. கருத்தரிப்பதற்கு மூன்று மாதம் முன்போ பின்போ ஊசி போட்டுக்கொண்ட, ரூபெல்லா எதிர்ப்பாற்றல் இல்லாத பெண்களை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1971 முதல் 1989 வரை பதிவுசெய்து கண்காணித்தது. அவர்களுக்குப் பிறந்த 324 குழந்தைகளில் ஒன்றுக்குக்கூட ரூபெல்லாவால் வரும் பிறவிக் குறைபாடு இல்லை. சில குழந்தைகளின் இரத்தத்தில் வைரஸ் எட்டிப்பார்த்ததற்கான அடையாளம் மட்டும் இருந்தது.

ஆகவே ஊசி போட்ட தேதியை மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிட்டு, வழக்கமான ஸ்கேன்களைத் தவறாமல் எடுங்கள். இந்தத் தைரியத்தை உயிருள்ள வைரஸ் ஊசிகள் எல்லாவற்றுக்கும் நீட்ட முடியாது: பெரியம்மைத் தடுப்பூசி, அரிதாக என்றாலும், கருவைத் தொற்றிய நிகழ்வுகள் உண்டு.