பாஸ்டி யாருடைய உணவு?

அன்புள்ள ஐயா,

என் மகள் அமெரிக்காவில், மிச்சிகனின் மேல் தீபகற்பத்தில் உள்ள ஹான்காக் நகரில் வசிக்கிறாள். ஃபின்லாந்து வழிவந்த பக்கத்து வீட்டு அம்மையார், தங்கள் வீட்டு உணவு என்று சொல்லி அவளுக்குப் பாஸ்டி என்னும், மாவில் பொதிந்து சுட்ட பண்டத்தைச் செய்யக் கற்றுக்கொடுத்திருக்கிறார். ஆனால் அது இங்கிலாந்தின் கார்ன்வாலுக்கு உரியது என்று படித்தேன். இப்படிக் கைமாறினால் எது யாருடைய உணவு என்பதே குழம்பிவிடாதா? அவரிடமே கற்ற, ஓவனில் சுடும் ஃபின்லாந்துப் பான்கேக்கான பன்னுகாக்கு நடுவில் வேகாமல் போவது ஏன் என்றும் மகள் கேட்கச் சொன்னாள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் படித்தது சரி. அந்த அம்மையார் சொன்னதும் சரிதான். 1840களில் அப்பகுதியில் செப்புச் சுரங்கங்கள் பெருகியபோது, சுரங்கத் தொழிலில் தேர்ந்த கார்ன்வால் மக்கள் அங்கே குடியேறினார்கள். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், டர்னிப்பைப் போன்ற ருட்டபாகா ஆகியவற்றைப் பச்சையாகவே நறுக்கி, மாவில் பொதிந்து, ஓரத்தை மடித்து அழுத்திச் சுட்டெடுக்கும் பாஸ்டியும் அவர்களோடு வந்தது. ஃபின்லாந்துக்காரர்கள் பெருந்திரளாக வந்தது அதற்குச் சில பத்தாண்டுகள் கழித்துத்தான். அதே சுரங்கங்களில் இறங்கியவர்கள், கையில் பிடித்தபடியே உண்ணக்கூடிய அந்தச் சாப்பாட்டைத் தாமும் செய்யத் தொடங்கினார்கள்.

அவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றியிருக்காது. சிறு மீன்களையும் பன்றிக் கொழுப்பையும் ரை என்ற தானியத்தின் மாவுக்குள் அடைத்து, மிதமான சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் கலாகுக்கோ, ஃபின்லாந்தின் சாவோ பகுதியில் வேலைக்குப் போகிறவர்கள் கையோடு கொண்டுசென்ற உணவுதான். ருட்டபாகாவும் அவர்களுடைய கிறிஸ்துமஸ் விருந்தில் தவறாமல் இடம்பெறுவது. பாஸ்டியில் கேரட் சேர்த்தது ஃபின்லாந்துக்காரர்களே என்று மேல் தீபகற்பத்தில் சொல்வார்கள். 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்பு வழங்கிய கார்னிஷ் பாஸ்டியிலோ கேரட்டுக்கு இடமில்லை.

அந்தப் பாதுகாப்பு விற்பனைப் பெயருக்கு உரியது, அந்த அளவில் நியாயமானது. அதை அடுக்களைக்குள் கொண்டுவரக் கூடாது. பாட்டியும் அம்மாவும் செய்து பார்த்து வளர்ந்த ஒருவர் அதைத் தன் வீட்டு உணவு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வார்? கார்ன்வாலிலிருந்து வந்ததென்று சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. சொல்லாவிட்டாலும் அது களவாகிவிடாது. தமக்குக் கிடைத்ததை அவர் உங்கள் மகளுக்கும் கொடுத்திருக்கிறார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பன்னுகாக்கு வேகாததற்குப் பெரும்பாலும் பாத்திரமே காரணம். ஒரு லிட்டர் பால், நான்கு முட்டை, நான்கைந்து டெசிலிட்டர் (ஒரு டெசிலிட்டர் 100 மில்லிலிட்டர்) மைதா என்ற வழக்கமான அளவு, அடுப்பின் முழு அகலத் தட்டில் ஊற்றுவதற்கானது. அமெரிக்க வீடுகளில் உள்ள, 9 அங்குல அகலமும் 13 அங்குல நீளமும் கொண்ட கண்ணாடித் தட்டுக்கு அதில் பாதி போதும். அமெரிக்கக் கப் ஏறத்தாழ 2.4 டெசிலிட்டர் என்பதால், டெசிலிட்டருக்குப் பதில் கப்பால் மாவை அளந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கரைத்த மாவை அரை மணி நேரம் ஊறவிட்டு, தட்டில் வெண்ணெயை உருக்கி அதன்மேல் ஊற்றி, 425 டிகிரி ஃபாரன்ஹீட்டில் சுடலாம். நடுப்பகுதி கஸ்டர்டைப் போல மென்மையாக இருப்பது அதன் இயல்பு. கத்தியைச் செருகி எடுக்கையில் ஈரமாவு ஒட்டினால் மட்டும் இன்னும் ஐந்து நிமிடம் விடச் சொல்லுங்கள்.