ஸ்டார் யாருக்கு, டெலிவரிக்கா தீனிக்கா?

கேள்வி: எங்கள் லேப்ரடார் குட்டிக்கு மூன்றரை மாதம். கால்நடை மருத்துவர் சொன்ன ட்ரை ஃபுட்டுக்கு, வாங்கும் தளத்தில் 4.4 ஸ்டார் இருக்கிறது. வெளிநாட்டு மதிப்பீட்டுத் தளம் ஒன்றில் அதற்கே இரண்டு ஸ்டார்தான்; சோளமும் 'சிக்கன் மீல்'லும் இருப்பதால் தரம் குறைவாம். அங்கே ஐந்து ஸ்டார் வாங்கிய, தானியமே இல்லாத உணவு இரண்டு மடங்கு விலை. எதை நம்புவது? கடைக்காரர் சொன்னதால் கால்சியம் சிரப்பும் கொடுத்து வருகிறோம். (கோவை வாசகி)

பதில்: அந்த 4.4-இல் இருந்தே ஆரம்பிப்போம். அதன் கீழே இருக்கும் விமர்சனங்களில் ஒரு இருபதை வரிசையாகப் படித்துப் பாருங்கள். 'பேக்கிங் சூப்பர்', 'சொன்னதுக்கு முன்னாடியே வந்துடுச்சு', 'எங்க ரோஸி தட்டையே நக்கிட்டா' என்றுதான் பெரும்பாலும் இருக்கும். ரோஸி தட்டை நக்கியதில் ஆச்சரியம் இல்லை. தீனி உருண்டைகளை வேகவைத்து உலர்த்திய பிறகு, மேலே கொழுப்பையும் ஈரல் போன்றவற்றில் இருந்து எடுத்த சாற்றையும் தெளிப்பது வழக்கம். நாய் ஓடி வருவதற்காகவே செய்கிற வேலை அது. ஏதாவது ஒரு சத்து குறைந்திருந்தால் அது தெரிய மாதங்கள் ஆகும். விமர்சனமோ மூட்டை வந்த வாரமே எழுதப்பட்டுவிடுகிறது.

போதாக்குறைக்கு, கோழி, ஆட்டிறைச்சி, குட்டிக்கானது, பெரிய நாய்க்கானது, 400 கிராம், 10 கிலோ என்று எல்லாமே ஒரே பக்கத்தில் ஒரே ஸ்டாரைப் பங்கு போட்டுக்கொள்வதும் உண்டு. இணைய விமர்சனங்களுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் 2022-இல் ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. ஆனால் அப்போது அதைக் கட்டாயம் ஆக்கவில்லை.

இந்தக் குவியலில் நான் படிப்பது ஒரு ஸ்டார் விமர்சனங்களை மட்டும்தான், அதுவும் தேதியோடு. ஒரே மாதத்தில் நாலைந்து பேர் 'சிக்கு வாடை', 'வண்டு', 'வாந்தி' என்று எழுதியிருந்தால் ஏதோ ஒரு பேட்சிலோ குடோனிலோ கோளாறு என்று ஊகிக்கலாம்.

இனி அந்த இரண்டு ஸ்டார். இதுபோன்ற தளங்களில் பெரும்பாலானவை உணவை ஆய்வகத்துக்கு அனுப்புவதில்லை. லேபிளைப் படித்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். லேபிளில் பொருள்கள் எடை வரிசையில் வரும். தண்ணீரும் அந்த எடையில் சேர்த்தி. பச்சைக் கோழிக்கறி ஒரு கிலோவில் ஏறக்குறைய 700 கிராம் தண்ணீர். சிக்கன் மீல் என்பது தண்ணீரையும் கொழுப்பையும் எடுத்துவிட்டுப் பொடித்தது. ஆக, 'முதல் பொருள் கோழி' என்று பெருமையாக அச்சடித்த மூட்டையில், மீல் போட்ட மூட்டையைவிடப் புரதம் குறைவாகக்கூட இருக்கலாம். எந்தத் தரத்துக் கோழி என்பதை இரண்டு பெயருமே சொல்வதில்லை. சோளத்தையும் சும்மா இடம் நிரப்ப வந்ததாக நினைக்க வேண்டாம். நன்றாக வெந்த மாவுச்சத்தை நாய் ஜீரணித்துவிடும்.

தண்ணீரை மறந்தால் கணக்கு எப்படிப் புரளும் என்று பாருங்கள். ஈர உணவுப் பாக்கெட்டில் புரதம் 8%, ஈரப்பதம் 82%. உலர் உணவில் புரதம் 24%, ஈரப்பதம் 10%. முதலாவதைப் பார்த்து 'எட்டே சதவீதமா, ஏமாற்று வேலை' என்று ஒருவர் கொதித்திருப்பார். தண்ணீரைக் கழித்துவிட்டால் எட்டை 18-ஆல் வகுக்க வேண்டும், 44% வரும். உலர் உணவில் 24-ஐ 90-ஆல் வகுத்தால் 27%கூட இல்லை.

தானியம் இல்லாத உணவுக்கு வருவோம். இதயத் தசை பலவீனமாகி இதயம் விரிந்துபோகும் டிசிஎம் நோய்க்கும் இப்படிப்பட்ட உணவுகளுக்கும் தொடர்பு இருக்குமோ என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ விசாரிப்பதாக 2018 ஜூலையில் அறிவித்தது. 2019 ஜூனில், அதிகம் புகார் வந்த 16 பிராண்டுகளின் பெயரையும் வெளியிட்டது. உணவுதான் காரணம் என்று அது நிறுவவில்லை. புதிதாகச் சொல்ல எதுவும் இருந்தால் மட்டுமே இனிப் பேசுவதாக 2022 டிசம்பரில் நிறுத்திக்கொண்டது. அதனால் அந்த உணவை விஷம் என்று சொல்ல மாட்டேன். தானியம் ஒத்துக்கொள்ளவில்லை என்று மருத்துவர் கண்டுபிடிக்காத குட்டிக்கு, இரண்டு மடங்கு காசு கொடுத்து வாங்கக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. ஐந்து ஸ்டாருக்குக் கீழேயே 'இங்கே வாங்கவும்' பொத்தான் இருந்தால், அதை அழுத்தினால் யாருக்குக் கமிஷன் போகும் என்பதையும் யோசியுங்கள்.

நீங்கள் மூட்டையில் தேட வேண்டியது ஒரு சின்ன வரி: எந்த வயதுக்கு இது முழுமையான, சரிவிகித உணவு என்று சொல்லும் வரி. பல மூட்டைகளில் ஆஃப்கோ பெயரோடு இருக்கும். ஆஃப்கோ அமெரிக்க அமைப்பு. தீனியில் எந்தச் சத்து எவ்வளவு வேண்டும் என்று அளவுகளை வகுக்கிறதே தவிர, எந்த உணவையும் சோதித்து முத்திரை குத்துவதில்லை. வளர்ந்தபின் 70 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 32 கிலோவைத் தொடக்கூடிய இனங்களின் குட்டிகளுக்கு, ஈரம் கழித்த உணவில் கால்சியம் 1.8%-ஐத் தாண்டக் கூடாது என்பது அதன் கணக்கு. லேப்ரடார் அந்த எடையைத் தொடும் இனம்தான்.

கால்சியம் அளவு அச்சில் இல்லாவிட்டால் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள். உணவை வடிவமைத்தது யார், அவர் என்ன படித்தவர், எங்கே தயாராகிறது என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். நான் ஒரு கம்பெனிக்கு இப்படி எழுதியபோது, பதிலாகப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் வந்தது. அதுவும் ஒரு பதில்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

எவ்வளவு நேர்மையான மதிப்பீட்டிலும் சிக்காத ஒன்று பேட்ச். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் சில நாய் உணவுகளைத் திரும்பப் பெற்றார்கள். சோளத்தில் பூஞ்சை பிடித்து, அது உண்டாக்கும் அஃப்லடாக்சின் என்ற நஞ்சு ஏறியிருந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாக எஃப்டிஏவுக்குத் தகவல் வந்தது. ஸ்டார் உணவின் பெயருக்குத்தான் ஒட்டியிருக்கும், நஞ்சு ஒரு பேட்சில் வரும். மூட்டையைப் பிரித்து டிரம்மில் கொட்டிவிட்டு, பையைக் குப்பையில் போடாதீர்கள். பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கடையில் லூஸாக அளந்து கொடுப்பதை வாங்கவே வேண்டாம்.

சரி, உங்கள் குட்டிக்கு? மருத்துவர் சொன்ன மூட்டையில் பெரிய இனக் குட்டிகளின் வளர்ச்சிக்கு என்று போட்டிருந்தால் அதையே தொடருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். மலத்தைக் கையில் எடுத்தால் உடையாமல் வர வேண்டும். கொழுகொழுவென்று இருப்பதை அழகு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சிரப்பை இன்றோடு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஆறு மாதம்வரை பெரிய இனக் குட்டிகளின் குடலுக்கு, அதிகப்படியான கால்சியத்தைத் தடுக்கத் தெரியாது. சரியான உணவோடு சிரப்பும் சேர்ந்தால் கால் எலும்பு கோணிவிடக்கூடும்.