கொத்தனார் மகன் சித்தாளாகத்தான் தொடங்க வேண்டுமா?

கேள்வி: கணவர் 22 வருடமாகக் கொத்தனார். மகன் இந்த வருடம் பத்தாவது பாஸ், 500-க்கு 271. "இனிமேல் படிக்கலை, அப்பாவோட வேலைக்குப் போறேன்" என்கிறான். "நான் பட்ட பாடு அவனுக்கு வேண்டாம்" என்கிறார் இவர். பக்கத்து ஊர்ப் பயிற்சி மையம் ஒன்றில், "பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் இருக்கிறது, ஆறு மாதத்தில் வேலை" என்று சொல்லி 45,000 ரூபாய் கேட்கிறார்கள். கடன் வாங்கிக் கட்டலாமா?

பதில்: அம்மா, பணம் கட்ட வேண்டாம். பையனை இப்போதே சைட்டுக்கு அனுப்பவும் வேண்டாம்.

அவனுக்கு 16 வயதுதான் இருக்கும். பெரிய கட்டுமான நிறுவனங்களில் 18 நிரம்பாவிட்டால் கேட்டிலேயே ஆதாரைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலும் 18 முதல் 60 வயது வரைதான் பதிவு. அதற்குள் அவன் போகக்கூடியது சின்ன காண்ட்ராக்டரிடம் சித்தாள் வேலைக்குத்தான். அங்கே அடிபட்டால் வாரியப் பலனும் கிடைக்காது, கம்பெனி இன்ஷூரன்ஸும் இருக்காது. ஆக, உங்கள் கையில் இரண்டு வருடம் இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையத்தில் (ஐ.டி.ஐ.) ஈராண்டுத் தொழிற்பிரிவு ஒன்றைப் படிக்கச் சரியான காலம் அது.

இனி அந்த "ஒப்பந்தம்" என்ற சொல்லுக்கு வருவோம். கல்வி நிலையமும் கட்டுமான நிறுவனமும் கைகோர்ப்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் சுவரில் மாட்டிய புரிந்துணர்வு ஒப்பந்தப் போட்டோவால் உங்கள் மகனுக்கு ஒன்றும் ஆகாது. அவன் பெயர் போட்ட காகிதம் எது என்று கேளுங்கள். முறையான வழிகள் மூன்று உண்டு.

ஒன்று, இரட்டைப் பயிற்சி முறை. மத்தியப் பயிற்சி இயக்ககம் 2016-ல் கொண்டுவந்தது. ஐ.டி.ஐ.யில் பாடமும் அடிப்படைப் பயிற்சியும் நடக்கும். மீதி நாள் கூட்டாளி நிறுவனத்தில். ஈராண்டுப் பிரிவென்றால் 6 முதல் 12 மாதம் வரை நிறுவனத்தில் இருக்கலாம். எல்லா ஐ.டி.ஐ.யிலும் எல்லாப் பிரிவுக்கும் இது கிடையாது. சேரும் முன்பே முதல்வரிடம், "இந்தப் பிரிவுக்கு எந்த நிறுவனம், எத்தனை மாதம், தங்குமிடம் யார் பொறுப்பு?" என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, அப்ரண்டிஸ், அதாவது நிறுவனத்தில் உதவித்தொகையோடு வேலை பழகுவது. 1961-ம் வருடச் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் தன் ஆள் பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். 2019 விதித் திருத்தத்தில் ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 என்று வைத்தார்கள். சேரும் நாளில் நடப்பு விகிதத்தை அரசு இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கோளாறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். "அப்ரண்டிஸ்" என்று வாயால் சொல்லிச் சேர்த்துக்கொள்வார்கள். தேசிய அப்ரண்டிஸ் இணையதளத்தில் ஒப்பந்தத்தைப் பதிய மாட்டார்கள். பதிவு இல்லையென்றால் வருடம் முழுக்க உழைத்தாலும் அது பயிற்சிக் காலமாகக் கணக்கில் வராது, தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழுக்கான தேர்வும் எழுத முடியாது. ஆகவே முதல் வாரத்திலேயே ஒப்பந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, இணையதளத்தில் அவன் பெயரைப் பார்த்துவிடுங்கள். உதவித்தொகை கையில் ரொக்கமாக வந்தால் சந்தேகப்படுங்கள். வங்கிக் கணக்குக்குத்தான் வர வேண்டும்.

மூன்றாவது, நிறுவனமே நடத்தும் பயிற்சிப் பள்ளி. கட்டுமான நிறுவனமான எல் அண்ட் டி 1995 முதல் இப்படிப் பள்ளிகள் நடத்துகிறது. காஞ்சிபுரத்தில் ஒன்று உண்டு. சென்ட்ரிங் தச்சு, கம்பி கட்டுதல், கொத்து வேலை, சாரம், வெல்டிங், வயரிங் எல்லாம் சில மாதக் குறுகிய பயிற்சிகள். கட்டணம் கிடையாது. ஒரு கம்பெனி உண்மையிலேயே ஆள் தேவைப்பட்டுப் பயிற்சி கொடுத்தால் அது செலவு செய்யும், உங்களிடம் 45,000 கேட்காது. அந்த மையத்தை நான் நம்பாததற்கு இதுவே முதல் காரணம். அசல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் இடமென்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

படிப்பே ஏறாது என்கிறவனுக்கு ஐ.டி.ஐ. எதற்கு என்று நினைப்பீர்கள். கம்பி வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ரூஃப் வரைபடத்தில் "12 மி.மீ. கம்பி, 150 மி.மீ. இடைவெளி" என்றிருக்கிறது. அறை 3 மீட்டர். 3,000-ஐ 150-ஆல் வகுத்து ஒன்று கூட்டினால் 21 கம்பி. எடை பார்க்க, கம்பியின் குறுக்களவை (12) அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுக்க வேண்டும்: 144-ஐ 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு 0.89 கிலோ. 12 மீட்டர் முழுக் கம்பி ஒன்று பத்தரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இந்தக் கணக்கைப் போட்டு எந்தக் கம்பியை எங்கே வெட்டினால் துண்டு மிச்சமாகாது என்று சொல்பவன் நிழலில் நின்று வேலை வாங்குவான். தெரியாதவன் வெட்டிக்கொடுத்ததைத் தூக்குவான்.

தப்பு நடக்கும் இடங்களும் இப்படித்தான் புரியும். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விடும் சிறு கட்டையான கவர் பிளாக் வைக்காமல் ஜல்லித் துண்டை முட்டுக் கொடுத்தால் கான்கிரீட் போடும்போது நழுவிவிடும்; கம்பி சென்ட்ரிங் பலகையோடு ஒட்டிக்கொள்ளும்; சில வருடத்தில் துருப்பிடித்து ரூஃப் பெயர்ந்து விழும். ரூஃபுக்கு 20 மி.மீ., தூணுக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50 என்று கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) விடுவது வழக்கம். தூண், பீம் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் கொக்கியை 135 டிகிரி உள்ளே மடக்காமல் 90-லேயே விட்டுவிடுவதும், மேல் கம்பியைத் தாங்கும் வளைகம்பியை ("சேர்") வைக்காமல் மிதித்துத் தாழ்த்திவிடுவதும் தினமும் நடப்பவை. உங்கள் கணவரைக் கேளுங்கள், இதைவிட நீளமான பட்டியல் சொல்வார். வீட்டிலேயே இப்படி ஒரு வாத்தியார் இருப்பது பையனுக்குப் பெரிய வரவு. ரசமட்டமும் தூக்குக்குண்டும் பிடிக்க வாரக்கடைசியில் அவரே பழக்கட்டும்.

எந்தப் பிரிவு? என் முதல் தேர்வு சிவில் டிராஃப்ட்ஸ்மேன், அதாவது கட்டட வரைபடம் வரையும் பிரிவு. பத்தாவது தேறியவர்களுக்கு 2 வருடம். வரைபடம் படிக்கத் தெரிந்தால் சைட், அலுவலகம் இரண்டு கதவும் திறக்கும். அதோடு, பத்தாவதுக்குப் பின் ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். 16-ல் தொடங்கினால் 20-ல் டிப்ளமோ. பிறகு ஒரு வருடம் அப்ரண்டிஸ். ஆசை வந்தால் பி.இ. இரண்டாம் ஆண்டுக்கும் வழி இருக்கிறது. தமிழும் ஆங்கிலமும் பிளஸ் டூ அளவில் எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான சான்றும் கிடைக்கும். இதைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். கைவேலைதான் பிடிக்கும் என்றால் எலக்ட்ரீஷியன் (இதுவும் 2 வருடம்), இல்லாவிட்டால் வெல்டர், பிளம்பர். வெறும் செங்கல் கொத்துக்கு மட்டும் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரிய அடுக்குமாடிகளில் இப்போது மைவான் ஷட்டரிங் என்ற அலுமினிய அச்சுப் பலகைகளைப் போட்டுச் சுவரையும் ரூஃபையும் ஒரே வார்ப்பாக வார்க்கிறார்கள். அங்கே செங்கலுக்கு அதிக வேலையில்லை.

செலவுக்கு வருவோம். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், பாடப்புத்தகம், சீருடை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால், 2024 ஆகஸ்ட்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். கணவர் நல வாரியத்தில் பதிந்திருந்தால், பிள்ளை ஐ.டி.ஐ. படிப்பதற்குத் தனியாகக் கல்வி உதவியும் வரும். ஆனால் அட்டை காலாவதியாகியிருந்தால் மனு தள்ளுபடியாகும். முதலில் அதைப் புதுப்பியுங்கள்.

நிறுவனப் பயிற்சிக்குப் போனபின் அவனை ஒரு நோட்டு எழுதச் சொல்லுங்கள்: தேதி, செய்த வேலை, மேற்பார்வையாளர் கையெழுத்து. மூன்று வாரம் தொடர்ந்து "மணல் அள்ளினேன், கம்பி சுமந்தேன்" என்றே இருந்தால் அந்த நோட்டோடு ஐ.டி.ஐ. முதல்வரைப் போய்ப் பாருங்கள். இடத்தை மாற்றச் சொல்லிக் கேட்க அதுதான் ஆதாரம். உயரத்தில் வேலை என்றால் ஹெல்மெட், ஷூவோடு முழு உடல் பெல்ட்டும் நிறுவனமே தர வேண்டும். சொந்தக் காசில் வாங்கிவரச் சொன்னால் அந்த சைட் வேண்டாம்.

விண்ணப்பம் ஆன்லைனில்தான். மாற்றுச் சான்றிதழ், மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ஆதார், அவன் பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். எல்லாவற்றிலும் பெயரின் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஆதாரில் ஒன்று, மார்க் ஷீட்டில் ஒன்று என்றிருந்தால் அப்ரண்டிஸ் பதிவு வரைக்கும் அது தொல்லை கொடுக்கும். ஆதாரைத் திருத்தி வாங்க நாளாகும். சேர்க்கை முடியும்வரை விட்டுவைக்காதீர்கள்.